எட்டுக்கு ஒன்பது

ஜோஸ்பினின் மணிபர்ஸில் ஒரு சாவி இருந்தது. அது திறக்கிற பூட்டு இப்போது எங்கும் இல்லை.

கருவேப்பிலங்குறிச்சியில் சாவியோவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது அவளுடைய அப்பா சீராகக் கொடுத்த இரும்பு பீரோவின் சாவி அது. பச்சை நிற பீரோ. முன்பக்கம் ஆளுயரக் கண்ணாடி. சேத்தியாத்தோப்பில் வாங்கி, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, நோயாளியைப் படுக்கவைப்பதுபோல் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது வருடம் சாவியோ இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் நிறுத்தினான். அன்றைக்கு ஜோஸ்பின் ஒரு துணிப்பையோடு விருத்தாசலம் பஸ் ஏறினாள். பீரோவைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், சாவிதான் நம்மிடம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து அண்ணன் டோமினிக் போய்க் கேட்டபோது பழைய பூட்டை உடைத்துவிட்டு வேறு பூட்டு போட்டிருந்தார்கள். பீரோவுக்குள் அந்த இன்னொருத்தியின் புடவைகள் தொங்கின. மாதா கோயிலில் மந்திரித்த கல்யாணம், யாராலும் பிரிக்க முடியாது என்று பங்குச் சாமியார் சொன்னார். பீரோவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தச் சாவியத் தூக்கிப் போட்டுட்டு வேலயப் பாரு பாப்பா" என்றார் டோமினிக். அவள் போடவில்லை.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. அண்ணனுக்கு அவள் பாப்பா. முப்பத்தேழு வயதிலும் பாப்பாதான்.

டோமினிக் ரயில்வே ஜங்ஷனில் பாயின்ட்ஸ்மேன். ஜங்ஷன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் ஓட்டுவீடு. தங்கைக்குச் சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தார். ஒழித்தது என்றால், அரிசி மூட்டையைச் சுவரோரம் தள்ளி, கிரைண்டரை மூலைக்கு நகர்த்தி, நீளவாக்கில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு. கைக்குட்டை அளவு ஒரு ஜன்னல். ஒல்லியான ஒற்றைக் கதவு. அண்ணன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அண்ணி நான்சி சோற்றில் ஒரு பிடி குறைத்ததில்லை. சண்டை போட்டு வெளியேறலாம் என்றால் சண்டைக்கு யாருமே இல்லை.

அவளுடைய உடைமை எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியில் இருந்தது. கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பெட்டி. 'கவனம், உடையும்' என்று மேலே அச்சடித்திருக்கும். நான்சி வீட்டிலேயே தையல் தைக்கிறவள். வெட்டிய துணி மிச்சம் அந்தப் பெட்டியின் மேல் விழும். பிறகு பெட்டிக்குள்ளும் விழும். அரிசி எடுக்க வருகிறவர்கள் பெட்டியைக் காலால் தள்ளிவைப்பார்கள். சாயங்காலம் வந்து ஜோஸ்பின் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்வாள். இப்படி ஒன்பது வருடம்.

2004-ல் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அண்ணன் மகள் கிரேசி வெள்ளைப் பட்டு கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு கூடத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். ஸ்கூல் ஆண்டு விழாவில் அவளுக்கு மாதா வேஷம்.

"ஜோசு, கோவிச்சிக்காத" என்றாள் நான்சி, ஊசியை வாயில் கடித்துக்கொண்டே. "ஒன் கல்யாணப் பொடவையத்தான் வெட்டிட்டேன். பொட்டியில கெடந்து பூச்சிதான அரிக்குது? நீ எங்க இனிமே கட்டப் போற? பாரு, புள்ள எம்மாம் அழகா இருக்குறா!"

அழகாகத்தான் இருந்தாள். அதை ஜோஸ்பின் வாயால் சொல்லவும் வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் அண்ணனிடம் கேட்டாள். "எனக்கு ஒரு அலமாரி வேணும்ண்ணே. பூட்டு வச்சது."

"பூட்டு என்னாத்துக்கு? வூட்ல திருடனா இருக்குறான்?"

"நானே செஞ்சிக்கறேன்."

நான்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "புள்ளையாரு செய்யற கையி அலமாரி செய்யுமா!"

பிள்ளையார் செய்கிற கைதான். பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில், அச்சுக் கொட்டகையில் அவளுக்கு வேலை. மண்ணில் முதல் உருவத்தைச் செய்து, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுக்க வேண்டும். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, பூனை, யானை, எல்லாமே அவள் கையில் பிறந்தவைதான். அந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. மண் காயும்போது சுண்டும், சூளையில் வேகும்போது இன்னும் சுண்டும். எட்டு அங்குலப் பிள்ளையார் வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்தில் செய்தால்தான் சரியாக வரும். ஒவ்வொரு தடவையும் யார் உட்கார்ந்து கணக்குப் போடுவது? அதற்காகக் கொட்டகையில் தனியாக ஓர் இரும்பு ஸ்கேல் வைத்திருந்தார்கள். அதில் அங்குலக் கோடுகளையே தள்ளித் தள்ளிப் போட்டிருக்கும். அதில் எட்டு என்று அளந்தால் நிஜத்தில் ஒன்பது இருக்கும். வெந்து வெளியே வரும்போது எட்டாகிவிடும். அச்சு ஸ்கேல் என்று பெயர். அது எப்போதும் மேஸ்திரி கலியமூர்த்தியின் கையில்தான் கிடக்கும் என்பதால், ஜோஸ்பின் ஒரு மரச்சட்டத்தில் அந்தக் கோடுகளை அப்படியே எடுத்து, பழுத்த கம்பியால் சுட்டு வைத்திருந்தாள். டிபன் பையில் அது நீட்டிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் அவள் கை அளந்தது எல்லாம் அந்தக் கோலால்தான்.

அலமாரி என்று பேச்சு வந்ததும் கம்பெனியில் முதலில் சிரிக்காமல் கேட்டது காசியம்மாள். மெருகுப் பிரிவில் பொம்மைகளை மெருகுக் கரைசலில் முக்கி எடுக்கிறவள். புருஷன் இல்லை. பாலக்கரைப் பக்கம் சொந்த வீடு, பின்னால் ஒரு போர்ஷன்.

"அலமாரிய எங்கடி வைப்ப? அந்தச் சாமான் ரூம்லயா?"

"இல்லக்கா. முடிச்சி எடுத்துக்கிட்டு ஒங்க பின்போர்ஷனுக்கு வந்துடறேன்."

"அலமாரி இல்லாம வந்தா நான் வேணாம்னா சொல்லப்போறேன்? இன்னிக்கே வா."

"கைய வீசிக்கிட்டு வரமாட்டேன்க்கா. ஒரு தடவை அப்பிடி வந்தாச்சு."

இதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

கம்பெனிக்கு வடக்கே எங்கிருந்தோ புது இயந்திரம் ஒன்று வந்தது. அதைச் சுற்றி அடித்திருந்த பலகைகளைப் பார்சல் பிரிவில் சாமிக்கண்ணுவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கனமான வெள்ளைப் பலகைகள். கதவுக்கு மட்டும் மரவாடியில் வேப்பம்பலகை பார்த்து எடுத்தாள். ரம்பமும் இழைப்புளியும் வந்தன. வேலையை வாசலில்தான் ஆரம்பித்தாள். இரண்டாவது ஞாயிறே டோமினிக் பக்கத்தில் வந்து குந்தினார்.

"பாப்பா, இத உள்ள வச்சி செய்யேன். போற வர்றவன்லாம் கேக்கறான், தங்கச்சி என்னா அலமாரி செய்யுது, எங்கனா போவுதான்னு. நான் என்னான்னு சொல்றது?"

அவள் பலகைகளை உள்ளே எடுத்துப் போனாள். அன்றிலிருந்து அந்த அறையில் கட்டிலும் மூட்டையும் போக மிச்சமிருந்த இடத்தில் மரம் நின்றது. இழைத்த சீவல் அரிசியில் விழாமல் இருக்கக் கோணியைப் போர்த்திவிட்டு இழைத்தாள். தும்மிக்கொண்டே தூங்கினாள்.

நல்ல யோசனை ஒன்று நான்சிதான் சொன்னாள். "உள்ள செய்யறது சரி, மொதல்ல ரூம்பு வாசப்படிய அளந்துக்க. அப்பறம் வெளிய வர்லன்னா?" கழுத்தில் தொங்கிய தையல் டேப்பை அவளே நீட்டினாள். நிலைக்கு உள்ளே அகலம் இருபத்தாறு அங்குலம். அலமாரியின் ஆழம் இருபத்துநாலு வைத்தால் இரண்டு அங்குலம் தாராளம். ஒருக்களித்துப் படுக்கவைத்து இழுத்துவிடலாம். ஜோஸ்பின் அதைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தாள். டேப் திரும்ப நான்சியின் கழுத்துக்குப் போய்விட்டது. "அது இல்லன்னா எனக்கு கை ஒடிஞ்ச மாதிரி" என்பாள், கொடுக்க மாட்டாள்.

பலகையை அளக்க ஜோஸ்பின் டிபன் பையிலிருந்து கோலை எடுத்தாள்.

ஒன்றோடு ஒன்று எல்லாமே கச்சிதமாகப் பொருந்தின. பக்கப் பலகைக்கு மேல்பலகை உட்கார்ந்தது, தட்டுகள் ஆடாமல் நின்றன. இரண்டு பக்கப் பலகைகளுக்கும் நடுவில் முதுகுப் பலகைகளை இறக்கி, மூன்றங்குல ஆணியாக வரிசை வரிசையாக அடித்து, மறுபக்கம் வந்த முனையை மடக்கி அடித்தாள். சந்துகளில் பசை விட்டாள். பிரிக்க வரக் கூடாது என்று அவளுக்கு ஒரு வெறி இருந்தது. பூட்டை உடைக்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். இதை ஒருத்தரும் கழற்றவோ உடைக்கவோ கூடாது.

வேலை ஓடவில்லை. ஞாயிறு மட்டும்தான் கை ஒழியும். ஞாயிற்றுக்கிழமையும் கோணான்குப்பம் திருவிழா, கிரேசிக்குக் காய்ச்சல், நான்சிக்குத் தீபாவளித் துணி என்று ஏதாவது வரும். 2005 மழையில் ஓடு ஒழுகிப் பலகை ஊறிவிட்டது. காயட்டும் என்று பொங்கல்வரை விட்டாள். தட்டை இழைத்தாள். இழைத்ததையே திரும்ப இழைத்தாள்.

கம்பெனியில் மெருகு வாளிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு காசியம்மாள் கேட்டாள். "ஏண்டி, எங்க கோயிலுத் தேரு கூட மாசி மகத்துக்கு மாசி மகம் நெலய வுட்டு நவுருது. ஒன் அலமாரி எப்ப நவுரும்?"

"கதவுதான்க்கா பாக்கி."

"போன வருசமும் கதவுதான் பாக்கின்ன. நீ அலமாரி செய்யறியா, போவாம இருக்கறதுக்கு சாக்கு செய்யறியா?"

ஜோஸ்பின் எழுந்து கொட்டகைக்குப் போனாள். அன்றைக்கு முழுக்க ஒரு யானை அச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தனியாக ஒரு வீட்டில் இருப்பது எப்படி என்று அவளுக்கு உண்மையில் தெரியாது. அப்பா வீடு, சாவியோ வீடு, அண்ணன் வீடு. அலமாரி முடிகிறவரை போக வேண்டியதில்லை என்பது ஒரு நிம்மதியாக இருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. காசியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு கதவு வேகமாக வளர்ந்தது. இரட்டைக் கதவு. வேப்பம்பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கன்னத்தை வைத்துப் பார்க்கிற வழவழப்புக்குக் கொண்டுவந்தாள். பிடிக்கக் குமிழ் வேண்டும். கடையில் வாங்கவில்லை. தானே உருவம் செய்து அச்செடுத்து இரண்டு பீங்கான் குமிழ்களை வார்த்தாள். காசியம்மாள் மெருகில் முக்கி, தன் பங்குக்கு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீலப் புள்ளி வைத்தாள். சூளையிலிருந்து வந்த குமிழ்கள் திருகாணிக்கு அச்சாகப் பொருந்தின. கதவில் பூட்டு பதித்தாள். புதுச் சாவி, மணிபர்ஸில் பழைய சாவிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது.

நான்சி வந்து பார்த்தாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கற. ஆனா, பெருசா தெரியுதே ஜோசு?"

"ரூம்பு சின்னதுண்ணி. அதான்."

2006 ஆடி கடைசியில் காசியம்மாள் நாள் குறித்தாள். "ஒரு டீச்சரம்மா போர்ஷனக் கேட்டு நடையா நடக்குது. ஆவணி பொறந்து மொத ஞாயித்துக்கெழம நீ வந்துரணும். வர்லன்னா திங்கக்கெழம சாவிய அதுங்கிட்ட குடுத்துருவேன். அப்பறம் என்னத் திட்டக் கூடாது."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் ஜோஸ்பின் அண்ணனிடம் சொன்னாள். டோமினிக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"நாங்க என்னா கொறவச்சோம் பாப்பா?"

"ஒரு கொறையும் இல்லண்ணே."

"அப்பறம் என்னா?"

கல்யாணப் புடவை என்றால் அற்பமாக இருக்கும். அட்டைப்பெட்டி என்றால் அதைவிட அற்பம். டோமினிக் கையைக் கழுவிவிட்டு வந்தார். "சரி. அதத் தூக்க ஆள் வேணுமில்ல? நானே வண்டிய வரச் சொல்றேன்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிறு, பூசைக்குப் பிறகு மாணிக்கவேல் தன் குட்டி யானை மினி லாரியைச் சந்துக்குள் ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்தினான். அறையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார்கள். மூவரும் சேர்ந்து அலமாரியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கால்பக்கத்தை வாசலை நோக்கித் திருப்பினார்கள். டோமினிக்கும் மாணிக்கவேலும் கூடத்துக்குப் போய், அலமாரியின் காலில் கட்டிய கயிற்றைப் பிடித்தார்கள். ஜோஸ்பின் உள்ளே நின்று தலைப்பக்கத்திலிருந்து தள்ளினாள்.

"ஐலசா!" என்றான் மாணிக்கவேல். அலமாரி நகர்ந்தது. நிலையில் இடித்து நின்றது.

"கொஞ்சம் சாய்ச்சிப் புடிங்க. இன்னொரு தம்மு!"

சாய்த்து இழுத்தார்கள். ஒரு மூலை நிலைக்குள் நுழைந்தது. கரகரவென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு, அலமாரிக்கு மேலே மட்டும் இரண்டடி இடைவெளி விட்டு, ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. அந்த இடைவெளியில் மாணிக்கவேலின் தலை தெரிந்தது.

"அக்கா, வூட்டக் கட்டிட்டு அலமாரி செஞ்சீங்களா, அலமாரியச் செஞ்சிட்டு சுத்தி வூட்டக் கட்டனீங்களா?"

"ரெண்டு அங்குலம் வுட்டுருக்கறேனே" என்றாள் ஜோஸ்பின். "அண்ணி, டேப்ப எடுத்துப் போடுங்க."

டேப் அலமாரியின் மேலே வழுக்கிக்கொண்டு வந்தது. பக்கப் பலகையின் குறுக்கே வைத்தாள். இருபத்தேழு. திரும்பவும் வைத்தாள். இருபத்தேழு. பையிலிருந்து கோலை எடுத்து அதே இடத்தில் வைத்தாள். இருபத்துநாலு.

அவள் டேப்பையும் கோலையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். கையிலிருக்கும் இந்தக் கோல் ஒன்றையும் தப்பாகச் சொல்லவில்லை. சூளைக்குப் போய் வந்தால் அலமாரி சரியாகத்தான் இருக்கும்.

"என்னா ஜோசு?" என்று நான்சி கத்தினாள்.

"அச்சு ஸ்கேலாலே அளந்துட்டேன்."

விளக்கிச் சொன்னதும் வெளியே சிரிப்பு வெடித்தது. நான்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பது கேட்டது. "மரத்த வேக வைக்கப் பாத்தியாடி! ஐயோ மாதாவே!" டோமினிக்கும் சிரித்தார். ஜோஸ்பினுக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்தது. வந்த பிறகுதான், தான் உள்ளே இருப்பதும் அவர்கள் வெளியே இருப்பதும் அவள் கண்ணில் பட்டது.

டோமினிக் நிலையைத் தட்டிப் பார்த்தார். "இத பேத்தா வரும். ஆனா பழைய செவுரு, மேல ஓடு எறங்கிடும்."

மாணிக்கவேல் அலமாரியின் விளிம்பைத் தடவினான். "பக்கத்த ஒரு அங்குலம் அறுத்தா போதுண்ணே. ஆனா பாருங்க, வுட்ட எடம் வுடாம ஆணி. அதுவும் மடக்கி அடிச்சிருக்குது. ரம்பத்துப் பல்லு ஒண்ணு மிஞ்சாது. எந்த மகராசன் அடிச்சான்?"

"நாந்தான்" என்றாள் உள்ளேயிருந்து.

"சரி வுடு பாப்பா" என்றார் டோமினிக், குரலில் ஒரு சந்தோஷம் தன்னையறியாமல் ஏறியது. "அடுத்த வாரம் மரவாடி கொளஞ்சியப்பனக் கூட்டியாந்து நெதானமா பாக்கலாம். ஒரு வாரத்துல என்னா முழுவிடப் போவுது?"

"அடுத்த வாரம் எனக்கு முகூர்த்தத் துணி நெறைய இருக்குது, அதுக்கு அடுத்த வாரம் வச்சிக்குங்க" என்றாள் நான்சி. "நான் கேக்கறேன், அலமாரியே போவ மனசில்லாம நிக்குது, நீ எங்கடி போற? நிமித்தி வச்சா நம்ம ரெண்டு பேரு துணியுந்தான் தாங்கும். மீன் கொழம்பு ஆறுது, வா."

வருவதற்கு வழி இல்லை என்று நினைவு வந்ததும் நான்சி மறுபடி சிரித்தாள். ஒரு டம்ளர் டீ இடைவெளி வழியாக வந்தது. ஜோஸ்பின் வாங்கிக்கொண்டாள். அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து குடித்தாள். டீ நன்றாக இருந்தது. நான்சி எப்போதும் அவளுக்குச் சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போடுவாள்.

முடியாது என்று யாருமே சொல்லவில்லை. அடுத்த வாரம் என்றுதான் சொன்னார்கள். நாளைக்குச் சாவி டீச்சரம்மாவிடம் போய்விடும். அதன் பிறகு கொளஞ்சியப்பன் வருவார், அறுப்பார், அலமாரி அழகாக வெளியே வரும், போவதற்கு இடம் இருக்காது. திரும்ப உள்ளே வைப்பார்கள். ஒரு தட்டில் கிரேசியின் புத்தகம் வரும். அப்புறம் நான்சியின் துணி. பூட்டை ஏன் பூட்டணும், அவசரத்துக்குத் திறக்க வேண்டாமா என்று ஒரு நாள் சாவியைக் கதவிலேயே விடச் சொல்வார்கள். யாரும் உடைக்க மாட்டார்கள். அவளே கொடுத்துவிடுவாள்.

அலமாரியை விட்டுவிட்டுப் போகலாம். ஒரு துணிப்பையோடு. அப்படிப் போன அன்றைக்கு பஸ்ஸில் கை எவ்வளவு காலியாக இருந்தது என்பதை அவள் மறக்கவில்லை. மடியில் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் கைகளையே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

டம்ளரைக் கீழே வைத்தாள். ஒருக்களித்துக் கிடந்த அலமாரியின் முன்பக்கம் அவளைப் பார்த்துதான் இருந்தது. இரண்டு வெள்ளைக் குமிழ், இரண்டு நீலப் புள்ளி. பர்ஸிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள். கீழ்க்கதவு சரிந்து கையில் விழுந்தது. கீலைப் பார்த்தாள். பலகைக்கெல்லாம் ஆணி அடித்தவள், கீலுக்குத் திருகாணிதான் போட்டிருந்தாள். வேறு வழி இல்லாமல் போட்டது.

திருப்புளி எடுத்தாள்.

வெளியே பேச்சு ரயில்வே சம்பளம், மீன் விலை என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. நான்சிதான் முதலில் கவனித்தாள். "உள்ள என்னா சத்தம்?"

பதிலுக்கு இடைவெளி வழியாக ஒரு வேப்பங்கதவு விளிம்பை முன்னால் நீட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"தம்பி, புடிங்க" என்றாள் ஜோஸ்பின். "கீழ போட்டுறாதீங்க, குமிழு பீங்கான்."

மாணிக்கவேல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். இரண்டாவது கதவும் வந்தது. அப்புறம் 'கவனம், உடையும்' பெட்டி. அப்புறம் ஒரு தலையணை.

"பாப்பா, என்னா பண்ற?" டோமினிக்கின் முகம் இடைவெளியில் தெரிந்தது. "கதவ மட்டும் எடுத்துக்கிட்டுப் போயி என்னா பண்ணுவ? மொட்டையா நிக்குமே அலமாரி!"

"அது இங்க இருக்கட்டும்ண்ணே. அண்ணி துணி வச்சிக்கட்டும். பூட்டே வேணாம்."

நான்சி கதவுகளை வாங்கிச் சுவரில் சாய்க்க மாணிக்கவேலுக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள். "நீ எப்பிடி வெளிய வருவ?"

ஜோஸ்பின் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிசி மூட்டையில் கால் வைத்தாள். அங்கிருந்து அலமாரியின் மேல் ஏறினாள். பலகை அசையவில்லை, முனகவும் இல்லை. இரண்டு வருடம் இழைத்த மரத்தின் மேல் முட்டி போட்டுத் தவழ்ந்து, தலை இடிக்காமல் நிலையைக் குனிந்து கடந்து இந்தப் பக்கம் வந்தாள். டோமினிக் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவர் கையை உடனே விடவில்லை.

"சாப்ட்டாவது போ பாப்பா" என்றார். கண் கலங்கியிருந்தது.

"அடுத்த வாரம் வந்து சாப்புடறேண்ணே" என்றாள்.

வண்டியில் கதவுகளைப் படுக்கவைத்து, அவற்றின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பாலக்கரை வருகிறவரை கையை எடுக்கவில்லை. கேஸ் அடுப்பு இல்லை, தண்ணீர்க் குடம் இல்லை, விளக்கு எந்த ஸ்விட்சில் எரியும் என்று தெரியாது. திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை வாய்வரை வந்தது. மாணிக்கவேல் பாட்டைச் சத்தமாக வைத்திருந்ததால் சொன்னாலும் கேட்டிருக்காது.

காசியம்மாள் வாசலிலேயே நின்றாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அலமாரி எங்கடி?"

"அது வர்லக்கா. கதவு வந்துருக்குது."

காசியம்மாள் கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். பின்போர்ஷன் ஒற்றை அறைதான். சுண்ணாம்பு வாசம் அடித்தது. கதவுகள் இரண்டையும் எதிர்ச் சுவரில் பக்கம் பக்கமாக நிறுத்தினார்கள். முழு அலமாரி ஒன்று சுவருக்குள் பதிந்திருப்பதுபோல் இருந்தது.

"இதுக்கு ஒடம்பு செய்ய இன்னும் ரெண்டு வருசமா?" என்றாள் காசியம்மாள்.

"ஒங்க வூட்ல டேப்பு இருக்குதாக்கா?"

"தேடிப் பாக்கறேன்" என்று அவள் முன்பக்கம் போனாள்.

ஜோஸ்பின் தனியாக நின்றாள். இவ்வளவு காலியான அறையில் அவள் நின்றதே இல்லை. எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. பெட்டியைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு நகர்த்தி ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். யாரும் வந்து தள்ள மாட்டார்கள் என்பது கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பர்ஸிலிருந்து புதுச் சாவியை எடுத்து, கதவுகள் இரண்டையும் நெருக்கிப் பிடித்து, பூட்டில் நுழைத்துத் திருப்பினாள். நாக்கு நீண்டு அடுத்த கதவின் பள்ளத்தில் விழுந்தது.

பின்னால் வெறும் சுவர்தான். பூட்டியிருக்கிறதா என்று குமிழைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.